விற்ற விளை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். பாரடாக்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த முரண் மேல் எனக்குத் தீராத மோகம். என் சிறுகதையில் “அவருடைய மௌனம் காதைக் கிழித்தது”, “அவர் செத்துக்கொண்டே வாழ்ந்தார்” என்றெல்லாம் எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள். உரைநடையில் முரணைக் கையாள்வது எப்படி? கதையையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நானும் உங்கள் நண்பர்கள் கட்சிதான். எதிரெதிரான இரண்டு சொற்களை மோதவிடுவதைச் செய்யுளில் முரண்தொடை என்பார்கள். குறளில் அது ஜொலிக்கும். ஏழு சீரில் காரியம் முடிந்துவிடுகிறதே. பத்துப் பக்கக் கதையில் இரண்டாவது தடவை வரும்போதே வாசகனுக்கு வித்தை பிடிபட்டுவிடும். அப்புறம் அவன் கதையை விட்டுவிட்டு அடுத்த ஜோடி எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பிப்பான்.

முரண்நகையையும், அதாவது ஐரனியையும், இதில் சேர்க்கவேண்டாம். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) நாவல் நம் குமரி மாவட்டத்துக் கதை. பேர்தான் புத்தம் வீடு, வீடோ நொடிந்துபோன பழைய வீடு. கவனித்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். எது நிஜம், எது வெறும் பேர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. முரணில் அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் நிஜம். ஒன்று மற்றதைப் பொய்யாக்கவும் வேண்டும். அதற்குச் சொல் போதாது, சம்பவம் வேண்டும்.

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ படித்திருப்பீர்கள். கல்லாக இருந்த அகலிகை ராமனின் கால்தூசி பட்டுப் பெண்ணாகிறாள். பிறகு சீதை வந்து, ராமன் கேட்டதால் தீயில் இறங்கிய கதையைச் சொல்கிறாள். அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். முதல் தடவை கோதமன் சபித்தான். இந்தத் தடவை சபிக்க யாருமில்லை. பெண்ணாக்கிய அதே ராமன் கேட்ட ஒரு கேள்விதான் அவளைக் கல்லாக்குகிறது. இப்போது தலைப்பைப் பாருங்கள். எது விமோசனம், பெண்ணானதா கல்லானதா? இரண்டுக்கும் கதையில் இடம் இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது விடமாட்டேன் என்கிறது. மௌனம் காதைக் கிழித்ததாக ஒரு வரி அங்கே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் கதை. படித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அப்பா ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, விற்று மகனை கல்ஃபுக்கு அனுப்புகிறார். சம்பாதித்து விளையை மீட்டுவிட்டு ஊரோடு இருக்கலாம் என்று மகன் போகிறான். ஊரில் இருப்பதற்காக ஊரைவிட்டுப் போகிறவன். இது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உள்ள கதை, இதோடு நின்றிருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நீங்கள் அப்பாவை அதே விளைக்குக் கூலிக்குப் பால் வெட்ட அனுப்பியிருக்கிறீர்கள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று இருட்டோடே போகிறார். கத்தி ஆழம் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது என்று சீவல் மெல்லிசாக எடுக்கிறார். சொந்தமாக இருந்தபோது இவ்வளவு பொறுமையாக வெட்டியதில்லை என்று ஒரு வரி. பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்த்து மழைத்தண்ணீரைக் கொட்டுகிற அந்த வரியும் எனக்குப் பிடித்தது.

மகன் மீட்கும்போது மரம் நல்ல மரமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் அப்படிப் பார்க்கிறார். ஆனால் அவர் பார்க்கப் பார்க்க விளைக்கு மதிப்பு ஏறும். மதிப்பு ஏற ஏற மகன் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று அங்கேயே இருப்பான். மரத்தைக் கெடுத்தால் விலை இறங்கும், மகன் சீக்கிரம் வருவான். வந்து என்ன, பட்டை போன மரத்துக்கா வருவான்? இந்த மனிதரால் மரத்தைக் கெடுக்கவும் முடியாது. கை பழகிவிட்டது. நீங்கள் தேடிக்கொண்டிருந்த முரண் இது. நாலாவது பக்கத்தில் நீங்களே எழுதி வைத்துவிட்டு, அது போதாதென்று ஐந்தாவது பக்கத்தில் அவரைச் செத்துக்கொண்டே வாழவைத்திருக்கிறீர்கள்.

அந்த ஐந்தாவது பக்கத்தை எடுத்துவிடுங்கள். மௌனம் காதைக் கிழிக்கும் வரியையும் அடித்துவிடுங்கள். உண்மையில் அந்த அப்பா மௌனமானவரே அல்ல. மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலின் விலையைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறவர். அவர் வாயால் இந்தச் சிக்கலைச் சொல்லவும் வைக்காதீர்கள். அவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தவர் போலத்தான் எனக்குப் பட்டது.

மகன் போனில் “விளை இப்ப என்ன வெலைக்குப் போவும்ப்பா?” என்று கேட்கிற இடம் கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருக்கிறது. அதைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம். அப்பா கூட்டிச் சொல்வாரா குறைத்துச் சொல்வாரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எழுதி அனுப்பினால் படிக்கிறேன்.