இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனால் பிழைப்பு ஓடுமா? ஒரு தாயாருக்குப் பதில்

சிங்கப்பூரில் தேசிய சேவை (இளைஞர்களுக்கான கட்டாயப் பணி) முடிவதற்குள் மகன் மனம் மாறிவிட்டான், கணினி அறிவியல் வேண்டாம், என்ட்ரோபி ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன படிப்பு என்று முதலில் பார்த்துவிடுவோம் அம்மா, கேட்டால் அவ்வளவு பயம் இருக்காது.

நம் செல்லுக்குள் கைனசின் என்றொரு புரத மோட்டார் உண்டு. அடிக்கு 8 நானோமீட்டர் நகரும், ஒவ்வோர் அடிக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைத் தின்னும். கருவியில் அடி தெரியும், தீனி தெரியாது. தெரிந்ததை மட்டும் வைத்து, மொத்தம் எவ்வளவு ஆற்றல் வெப்பமாக விரயமாகிறது என்று மதிப்பிடுவதுதான் தம்பி சொல்லும் துறை. அந்த விரயத்தை அளக்கும் அளவுதான் என்ட்ரோபி. முழு விடை பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் ‘இதற்குக் குறைய வாய்ப்பே இல்லை’ என்று ஒரு கீழ்வரம்பை அடித்துச் சொல்லலாம். 2015இல் பராட்டோ, சைஃபர்ட் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் தந்த விதி அப்படிப்பட்டது: சீராக ஓடும் அமைப்பில் நகர்வின் தடுமாற்றம் சராசரியில் 10 விழுக்காடு என்றால், அதற்குள் உண்டான என்ட்ரோபி போல்ட்ஸ்மன் மாறிலியைப்போல் (என்ட்ரோபியை அளக்க உதவும் மிகச் சிறிய அலகு) குறைந்தது 200 மடங்கு. 1 விழுக்காடு என்றால் 20,000 மடங்கு. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

சரி, வேலை? ‘என்ட்ரோபி நிபுணர் தேவை’ என்று விளம்பரம் வராது. பேராசிரியர் பதவிகளும் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அரைகுறைத் தரவிலிருந்து எதுவரை உறுதியாகச் சொல்லலாம் என்று தெரிந்தவர்கள் வங்கிகளின் இடர் மதிப்பீட்டுப் பிரிவுக்கும் தேவை, உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் சில்லுத் தொழிற்சாலைகளுக்கும் தேவை. நிகழ்தகவு, புள்ளியியல், நிரல் எழுதுவது மூன்றையும் தம்பி விடக்கூடாது. கணினியை இரண்டாம் பாடமாக எடுத்துக்கொண்டால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். முனைவர் பட்டத்துக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தரும் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தில் மாதத்தொகையும் உண்டு. பணி ஒப்பந்தம் கேட்கும் உபகாரச் சம்பளங்களில் மட்டும் நிபந்தனைகளை வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

முடிவெடுக்குமுன் தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். மூன்று நிலைகளுக்கிடையே தற்செயலாகத் தாவி, ஒரே திசையில் அதிகம் சுற்றும் வட்டம் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி, உண்மையான என்ட்ரோபி உற்பத்தியைக் கணக்கிடட்டும். அப்புறம் இரண்டு நிலைகளை ஒன்றாக்கி மறைத்துவிட்டு, போனது எத்தனை, வந்தது எத்தனை என்று மட்டும் எண்ணட்டும். இரண்டும் சமமாகி, மதிப்பீடு பூஜ்ஜியத்தில் வந்து நிற்கும். “உள்ளே சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, எங்கே போனது?” என்று சாப்பிடக்கூட மறந்து நான்கு நிலைகளுக்குத் தாவினால், இயற்பியலுக்கு அனுப்புங்கள். பூஜ்ஜியம் வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டால், கையில் இருக்கும் கணினி அறிவியல் இடத்தை இப்போதைக்கு விட்டுவிட வேண்டாம்.