வார்டில் தெரியும் செவிலியர் கடிதத்தில் தெரியவில்லையே!

கேள்வி: பொது அறுவைச் சிகிச்சை வார்டில் நான்கு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். குழந்தைப் பேற்றுக்காக ஓராண்டு வேலையை விட்டிருந்து, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவு வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறேன். எட்டு இடங்களுக்கு அனுப்பியும் ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. நான் வேலை தெரியாதவள் அல்ல. குடல் அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு, நோயாளி ஒருவருக்கு இரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்தும் நாடித்துடிப்பு 88இலிருந்து 118ஆக ஏறியதையும், இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 40 மி.லி. மட்டுமே வந்ததையும் பார்த்து மருத்துவரை உடனே அழைத்தேன். உள்ளே இரத்தக் கசிவு. அன்றிரவே மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றார்கள். விண்ணப்பத்தோடு அனுப்பும் என் கவரிங் லெட்டரை இணைத்துள்ளேன். அதில் என்ன குறை?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கவரிங் லெட்டரை இரண்டு முறை படித்தேன். பிழையில்லாத, பணிவான கடிதம்தான். ஆனால் கீழே உள்ள பெயரை அடித்துவிட்டு வேறு எந்தச் செவிலியரின் பெயரை எழுதினாலும் அது அப்படியே பொருந்தும். ‘கைவிளக்கேந்திய காரிகையின் வழியில் தொண்டாற்ற விரும்புகிறேன்’ என்று தொடங்கி, ‘கடின உழைப்பாளி, பரிவு மிக்கவள், குழுவோடு இணைந்து செயல்படுபவள்’ என்று முடித்திருக்கிறீர்கள். செவிலியர் கண்காணிப்பாளராக நான் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்த காலத்தில் ஒவ்வொரு விண்ணப்பக் கட்டுக்குள்ளும் அந்தக் கைவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தக் காரிகையான நைட்டிங்கேல் அம்மையாரோ கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பிறகு, காயத்தால் இறந்த வீரர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பதை, 1858இல் வரைபடமாகப் போட்டு எண்களைக் கொண்டு ஆட்சியாளர்களிடம் வாதாடியவர். அவர் பெயரைச் சொல்லித் தொடங்குபவர் அந்த எண்களையாவது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. நாடித்துடிப்பையும் சிறுநீர் அளவையும் எங்களுக்கு இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கும் நீங்கள், வேலை தரப்போகிறவருக்கு அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. இரத்த அழுத்தம் விழும்வரை காத்திராமல், அதற்கு முன்பே நாடித்துடிப்பும் சிறுநீர் அளவும் சொல்லும் செய்தியைப் படிக்கத் தெரிந்தவரைத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு தேடுகிறது. ‘கூர்ந்து கவனிக்கும் திறன் உண்டு’ என்று எழுதினால் அதை யாரும் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. நடந்ததை எழுதினால் படிப்பவரே அந்த முடிவுக்கு வந்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

“30 படுக்கைகள் கொண்ட அறுவைச் சிகிச்சை வார்டில், இரவுப் பணியில் 10 நோயாளிகள் வரை என் பொறுப்பில் இருந்தனர். குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரண்டாம் நாளில் இருந்த ஒருவருக்கு, இரத்த அழுத்தம் மாறாதபோதும் நாடித்துடிப்பு 118ஆக உயர்ந்து சிறுநீர் மணிக்கு 20 மி.லி.யாகக் குறைந்ததைக் கண்டு, பணி மருத்துவரை அழைத்து, அளவுகளையும் உள் இரத்தக் கசிவு குறித்த என் ஐயத்தையும் தெரிவித்தேன். அன்றிரவே அவருக்கு மறு அறுவைச் சிகிச்சை நடந்தது.”

படுக்கைகளின் கணக்கை நான் உத்தேசமாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வார்டின் உண்மையான எண்ணிக்கையை எழுதுங்கள். நோயாளியின் பெயர், தேதி, படுக்கை எண் போன்ற, ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. இரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் கடிதத்திலேயே எழுந்துவிட்டால், மற்ற தகுதிகளை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இனி, வார்டிலிருந்து தீவிர சிகிச்சைக்கு மாற விரும்புவதைப் பற்றி. விளம்பரத்தில் வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) அனுபவம் கேட்டிருக்க, உங்களுக்கு அது இல்லையென்றால், இருப்பதுபோல் பூசி மெழுகாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். மாறாக, சென்ட்ரல் லைன் (பெரிய இரத்த நாளத்தில் செருகிய குழாய்) பராமரிப்பு, டிரக்கியாஸ்டமி குழாயில் (கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய சுவாசக் குழாய்) சளி உறிஞ்சுதல், இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்தை அளவாகச் செலுத்தும் கருவி), இரத்தமேற்றும்போது கண்காணித்தல் ஆகியவற்றில் நீங்கள் தனியாகச் செய்தவை எவை, மூத்த செவிலியரின் மேற்பார்வையில் செய்தவை எவை என்று பிரித்துச் சொல்லுங்கள். தன் எல்லை தெரிந்த செவிலியரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம் என்பதால், அந்த நேர்மைக்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். விளம்பரம் ஒரு கருவியை எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறதோ அதே சொல்லையே கையாளுங்கள். பல இடங்களில் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது கணினிதான்.

ஓராண்டு இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒரு பத்தி முழுவதையும் செலவழித்திருக்கிறீர்கள். ‘குழந்தைப் பேற்றுக்காக ஓராண்டு பணியில் இல்லை; செவிலியர் பதிவு நடப்பில் உள்ளது’ என்ற ஒரே வாக்கியம் போதும். இடைவெளியில் உயிர்காப்புப் பயிற்சியைப் புதுப்பித்திருந்தால் அதையும் சேருங்கள். பழைய இடத்து மேலாளரைப் பற்றிய அந்த இரண்டு வரிகளை அடித்துவிடுங்கள்; நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

எந்தப் பதவி, அதன் விளம்பர எண், உங்கள் பதிவு எண், அது செல்லுபடியாகும் நாள் ஆகியவை முதல் பத்தியிலேயே வரட்டும். இரவுப் பணிக்கு இசைவு உண்டா, எப்போது சேர முடியும் என்பவை கடைசிப் பத்திக்கு உரியவை. மொத்தமும் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தற்குறிப்பில் இருப்பதைத் திரும்ப அடுக்கினால்தான் அது தாண்டும்.

இன்னொன்று: ஒரு நல்ல விண்ணப்பத்தில் வேறொரு மருத்துவமனையின் பெயர் அப்படியே நின்றிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய கடிதத்தின் மேல் எழுதியதால் வந்த வினை. இன்னொருவர் மருந்தின் அளவில் மி.கி. வரவேண்டிய இடத்தில் கிராம் என்று எழுதியிருந்தார். அந்தக் கையில் மருந்துத் தட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அனுப்புவதற்கு முன் உடன் பணியாற்றிய தோழி ஒருவரிடம் கொடுத்து, எண்களையும் அலகுகளையும் பெயர்களையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரங்களாகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை தொலைபேசியில் கேட்பதில் தவறில்லை. பேசும்போது விளம்பர எண் கையில் இருக்கட்டும்.