கெட்டில் வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: வீட்டில் இருப்பது இரண்டே பேர். அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு மறந்துபோவது வாடிக்கையாகிவிட்டதால், கார்ட்லெஸ் எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கலாம் என்றிருக்கிறேன். 1500 வாட்ஸ், 2200 வாட்ஸ், 1.8 லிட்டர் என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? அதிலேயே பாலும் காய்ச்சலாமா?

பதில்: வாட்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கை போகாத கெட்டிலின் அடியைத் தேய்த்துக் கழுவவே முடியாது. அடுத்து அளவுக் கோடுகள். எல்லோரும் மேல் கோட்டைத்தான் பார்ப்பார்கள், உங்களுக்கு முக்கியம் கீழ்க்கோடு, குறைந்தது அதுவரையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய கெட்டில்கள் சிலவற்றில் அது அரை லிட்டரில் இருக்கும், ஒரு டம்ளர் வெந்நீருக்காக அரை லிட்டரைக் கொதிக்க வைத்து மீதியைக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சாதாரணத் தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் 1500 வாட்ஸில் கொதிக்க ஏறத்தாழ 4 நிமிடம். 2200 வாங்கினால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம், அவ்வளவுதான். அதற்காக உங்கள் பிளக் பாயிண்ட் தாங்குமா என்று கவலைப்பட வேண்டுமா, சொல்லுங்கள்! எதை வாங்கினாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு சாமான்களோடு சேர்த்துச் செருகாதீர்கள்.

உங்கள் மறதிக்கு வருவோம். தண்ணீர் கொதித்ததும் ஆவி ஒரு சின்னத் துவாரம் வழியாகப் போய் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டைச் சூடாக்கும், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு என்பதால் அது சட்டென்று வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆவி வெளியே போய்விடும், கெட்டில் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் மூடி 'டக்'கென்று பிடிக்கிறதா என்று கடையிலேயே நாலைந்து தடவை மூடிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் போட்டாலும் அணைந்துவிடும் வசதி உண்டா என்றும் கேளுங்கள்.

பால் வேண்டவே வேண்டாம். அடியில் பிடிக்கும், பொங்கினால் நுரை அந்த ஆவித் துவாரத்துக்குள்ளேயே போய்க் காய்ந்துவிடும், அதை எப்படிக் கழுவுவீர்கள்?

கேள்வி: கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கெடுதலா?

பதில்: உப்புத்தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் படலம் தடித்தால் கொதிக்க நேரமாகும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து பாதி கெட்டில் வரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறியதும் கழுவி, வெறும் தண்ணீரை ஒரு தடவை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். கம்பி நார் போட்டுச் சுரண்டாதீர்கள்.