வசூல் மேசையிலிருந்து வகுப்பறைக்கு

வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்தப் பாடம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. வணிகவியலில் இடம் கிடைத்தது, சேர்ந்தேன். பிறகு ஒரு நிறுவனத்தில் வசூல் கணக்கு, அப்புறம் விற்பனைப் பிரிவு, நடுவில் இரண்டு வருடம் கிடங்கு வேலை. நண்பரோடு சேர்ந்து பேக்கிங் பொருட்கள் தொழில் தொடங்கி நான்காம் ஆண்டில் மூடினேன். ஆர்டர் குறையவில்லை, ஆனாலும் மூடினேன். 38 வயதில் மாலை நேர எம்பிஏ படித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே மற்றவர்கள் எல்லோரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள். தொழிலில் தோற்றவன் வணிகம் சொல்லிக்கொடுக்கலாமா? என் கதையை மாணவர்களிடம் சொல்வதா, மறைப்பதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்லுங்கள். கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

'ஆர்டர் குறையவில்லை, ஆனாலும் மூடினேன்' என்ற வரியில் ஒரு மாதப் பாடம் இருக்கிறது. கரும்பலகையில் மூன்று எண்களை எழுதுங்கள். சரக்கு கிடங்கில் கிடக்கும் நாள் 40. விற்ற பிறகு பணம் வர 60. சப்ளையருக்கு நாம் பணம் கட்ட வேண்டியது 30 நாளில். 40-ஐயும் 60-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 70. ஒவ்வொரு ஆர்டருக்கும் 70 நாள் நம் கைப்பணம் முடங்கிக் கிடக்கிறது. ஆர்டர் இரண்டு மடங்கானால் முடங்கும் பணமும் இரண்டு மடங்கு. லாபநஷ்டக் கணக்கு லாபம் காட்டும், சம்பளம் போடப் பணம் இருக்காது. பாடப்புத்தகம் இதை நடைமுறை மூலதனம் என்ற தலைப்பில் நாலு பக்கத்தில் முடித்துவிடும். அந்த 60-ஐ 45 ஆக்க எத்தனை முறை போன் செய்ய வேண்டும், 'அடுத்த வாரம்' என்கிற குரலில் எது உண்மை, எது சாக்கு என்பதெல்லாம் வசூல் மேசையில் உட்கார்ந்த உங்களுக்குத் தெரியும்.

வணிகப் படிப்பு பிறந்ததே இந்த மாதிரி மேசைகளில்தான். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலியின் நூல் 1494-இல் வெனிஸில் வந்தது. அந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததை முறைப்படுத்திச் சொன்னார். இளம் வயதில் ஒரு வெனிஸ் வணிகரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஆனால் ஒன்று. நம் அனுபவம் ஒரு கம்பெனியின் அனுபவம், ஒரு காலத்தின் அனுபவம். அதில் எது எங்கும் பொருந்தும், எது நமக்கு மட்டும் நடந்தது என்று நாமாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆய்வு செய்தவர்களின் பலம் அங்கேதான். அவர்களைப் பார்த்துக் கூச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் தொழில் மூடிய கதையைச் சொல்லி, 'இது வழக்கமாக நடப்பதுதானா?' என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பேச்சு பிறக்கும்.

இன்னொன்று, எனக்கு இது முக்கியம். நானும் முதல் பட்டதாரிதான். இரண்டாம் ஆண்டில் ஒரு சந்தேகத்தோடு ஆசிரியர் அறை வாசல் வரை போய், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். கதவைத் தட்டலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பரிந்துரைக் கடிதத்தை நாமே கேட்டு வாங்கலாம், இன்டர்ன்ஷிப்புக்குப் பல மாதம் முன்பே எழுதிப் போட வேண்டும், தேர்வுத்தாளைத் திருப்பிப் பார்க்கக் கேட்பது தப்பில்லை என்பதெல்லாம் படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு யார் சொல்வது? முதல் வகுப்பிலேயே இவற்றை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். 'முதல் பட்டதாரிகள் கை தூக்குங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கூச்சம் உங்களுக்கே தெரியும்.

அப்புறம், மணி அடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். கேட்கத் தயங்குகிறவர்கள் மற்றவர்கள் எல்லாம் போன பிறகுதான் மேசை அருகே வருவார்கள்.