வைல்ட்கேட் தோட்டாவும் டைகளும்: கேள்வி பதில்

கேள்வி: .308 கேஸின் (வெடிமருந்தும் குண்டும் ஏறும் பித்தளைக் கூட்டின்) கழுத்தைச் சுருக்கி 6.5 மி.மீ. குண்டு போட நினைக்கிறேன். இது வைல்ட்கேட்தானே?

இல்லை, அது .260 ரெமிங்டன். 1997 முதல் கடையில் விற்கிறது. டையும் (கேஸை அளவாக்கவும் குண்டை அமர்த்தவும் உதவும் அச்சு) தயாராகவே கிடைக்கும். எஸ்ஏஏஎம்ஐ, சிஐபி போன்ற தர அமைப்புகள் அளவு நிர்ணயிக்காத தோட்டாதான் வைல்ட்கேட். .22-250 அப்படித்தான் பல காலம் இருந்தது. 1965இல் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது; .25-06க்கு அந்த முறை வந்தது 1969இல். மனதில் இருப்பது வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பேர் தங்கள் உரிமத்தில் தோட்டா தயாரிக்க அனுமதி உண்டா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: சேம்பரை, அதாவது துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையைக் குடையும் ரீமரை வைத்தே டையையும் குடைந்துவிடலாமா?

குண்டு அமர்த்தும் டைக்குச் சரி. அளவு சுருக்கும் டைக்கு உதவாது. சுட்ட கேஸ் சேம்பர் அளவுக்கு விரிந்து, கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். அதே ரீமரில் குடைந்த டைக்குள் அது உரசாமல் போய்வரும், ஒன்றும் சுருங்காது. சுருக்கும் டையின் உட்புறம் அடிப்பகுதியிலும் தோளிலும் (கழுத்துக்குக் கீழே கேஸ் சரிந்து அகலும் இடம்) சேம்பரைவிட சுமார் 0.05 முதல் 0.08 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அதற்குத் தனி ரீமர் தேவை. இரண்டு ரீமருக்கும் ஒரே வரைபடம், ஒரே சமயத்தில் ஆர்டர். சேம்பரை வெட்டிவிட்டு டையைப் பிறகு யோசிப்பவர்கள்தான் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

கேள்வி: டை செய்பவர் சுட்ட கேஸ்களை அனுப்பச் சொல்கிறார். எப்படி அனுப்புவது?

வழக்கமாக மூன்று கேட்பார்கள். உங்கள் சேம்பரில் சுட்டவையாக, அதன் பிறகு எந்த டைக்குள்ளும் போகாதவையாக இருக்க வேண்டும். முக்கியம்: தோள் முழுக்க விரிந்திருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் சுட்டால் தோளின் முனை மழுங்கி உருண்டையாக நிற்கும். அதை அளந்து செய்த டை தேவைக்கு மேல் இறுக்கும், பித்தளை சீக்கிரம் களைத்துப்போகும். ரீமர் வரைபடத்தின் நகலையும் கூடவே வையுங்கள்.

கேள்வி: தனி டை இல்லாமல் ஒப்பேற்ற வழி உண்டா?

உடலும் தோளும் மூலக் கேஸைப் போலவே இருந்து, கழுத்து மட்டும் மாறியிருந்தால் உண்டு. மூலக் கேஸுக்கான புஷிங் டையை (கழுத்தைச் சுருக்கும் வளையத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது; அந்த வளையம்தான் புஷிங்) வாங்கி, உங்கள் கழுத்துக்கேற்ற புஷிங்கைப் போடுங்கள். குண்டு ஏற்றிய கழுத்தின் வெளி விட்டத்தைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. சிறிய புஷிங் போதும். ஆனால் மூலத்தின் குண்டு அமர்த்தும் டையை நம்பாதீர்கள். கழுத்து சிறிதானால் அதில் ஆடும், குண்டு கோணலாக இறங்கும். காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: .308இலிருந்து 6 மி.மீ.க்குச் சுருக்கும்போது தோள் குழிந்துவிடுகிறது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, எண்ணெய் அதிகம். எண்ணெய் அமுங்காது, தோளில் தேங்கினால் பித்தளைதான் உள்ளே போகும். உடலில் மெல்லிய பூச்சு போதும், தோளைத் துடைத்துவிடுங்கள். இரண்டாவது, 1.6 மி.மீ.க்கு மேற்பட்ட சுருக்கத்தை ஒரே அழுத்தில் கேட்கிறீர்கள். 7மிமீ-08, .260, .243 டைகள் வழியாகப் படிப்படியாக இறக்குங்கள், எல்லாம் .308 குடும்பம்தான். முதலில் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்கிக்கொள்ளுங்கள். அடிப்பகுதிக்குச் சூடு ஏறினால் அந்தக் கேஸ் குப்பைக்கு.

சுருக்கிய கழுத்து தடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். குண்டு ஏற்றிய கழுத்துக்கும் சேம்பர் கழுத்துக்கும் இடையே விட்டத்தில் 0.05 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் கழுத்து விரிந்து குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் எகிறும். கழுத்தைக் கடைந்து சரிசெய்யுங்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்ளே வளையம்போலத் தடித்திருந்தால் அதையும் ரீமர் விட்டு எடுங்கள்.

கேள்வி: துப்பாக்கிக் கைவினைஞர் ஆக்லியின் பாணியில் 40 டிகிரி தோளுக்குச் சாதாரணத் தோட்டாவைச் சுட்டு விரிக்கலாமா?

சேம்பரை அதற்கென வெட்டியிருந்தால் மட்டும். ஹெட்ஸ்பேஸ் (சேம்பரின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து, கேஸ் முன்னால் முட்டி நிற்கும் இடம்வரை உள்ள தூரம்) மூலத்தைவிட சுமார் 0.1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். போல்ட்டை மூடும்போது கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் கேஸ் லேசாக நசுங்குவது கையில் தெரியும். அந்தப் பிடி இல்லையென்றால் கேஸ் பின்னோக்கி நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு சுவரோடு இழுத்துப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கேஸை நசுக்கி எறியுங்கள்.

கேள்வி: ஆரம்ப வெடிமருந்து எடை சொல்லுங்களேன்?

சொல்ல மாட்டேன். கேஸின் கொள்ளளவை நீர் நிரப்பி அளந்து, அதே கொள்ளளவும் அதே குண்டு விட்டமும் கொண்ட, அச்சில் தரவு வெளியான தோட்டாவைக் கண்டுபிடியுங்கள். அதன் ஆரம்ப எடையிலிருந்து தொடங்குங்கள். பாதுகாப்பு என்று நினைத்து மெதுவாக எரியும் மருந்தை அதற்கும் கீழே குறைப்பதும் ஆபத்துதான். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கட்டாயம். எதிர்பார்த்ததைவிட வேகம் வந்தால் அழுத்தமும் வந்துவிட்டது என்று அர்த்தம், பிரைமர் (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கேஸின் அடியில் பழைய பெயர்தானே இருக்கும்?

ஆமாம், தவறான துப்பாக்கியில் ஏறும் வாய்ப்பு அதனால்தான். பேரலில் புதுப் பெயரைப் பொறியுங்கள், தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, அதன்மேல் லேபிள்.