எல்லையில் இருப்பவனுக்கு டில்லி எதற்கு?

அன்புள்ள அண்ணனுக்கு,

கேரளத்தில், பாலக்காடு ஜில்லாவின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வேலந்தாவளம் ரோட்டில் ஒரு கிராமம் எனக்கு. வீட்டில் தென்னந்தோப்பு, அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். லோக்சபா தேர்தலை நாம் இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. பஞ்சாயத்து என்றால் மெம்பர் வீடு தெரியும், போய்க் கேட்கலாம். சட்டசபை என்றால் பென்ஷன், ரேஷன், ஆஸ்பத்திரி. லோக்சபா என்றால் 543 பேரில் ஒருவர், டில்லி எங்கேயோ இருக்கிறது. இங்கே அடித்துக்கொள்கிற இடது முன்னணி, காங்கிரஸ் முன்னணி இரண்டும் அங்கே போனதும் ஒரே பக்கம் உட்கார்ந்துகொள்கின்றன. ஓட்டுக் கேட்டு வருகிறவர் மலையாளத்தில் பேசுவார், நாம் தமிழில் தலையாட்டுவோம். வீட்டு டிவியில் ஓடுவதெல்லாம் சென்னை அரசியல். 2024 ஏப்ரலில் நான் ஓட்டுப் போட வரவே இல்லை. கம்பெனியில் லீவு தரவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. ஆனால் அந்த நவம்பரில் அமெரிக்க ரிசல்ட்டை விடியும் முன்னே எழுந்து செல்போனில் பார்த்தேன். இதில் என்ன குறைந்துவிட்டது? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

அமெரிக்க ரிசல்ட் பார்த்ததில் தப்பே இல்லை, நானும்தான் பார்த்தேன். அது ஐபிஎல் பார்க்கிற மாதிரி, யார் ஜெயித்தாலும் பேசிவிட்டுப் படுத்துவிடலாம். ஏப்ரல் 26 அன்று வராததற்கும் உங்களைத் திட்டப் போவதில்லை. பாலக்காட்டில் வெயில் மண்டையைப் பிளந்த நேரம் அது, 2019இல் 77 சதவீதத்தைத் தாண்டிய கேரளம் அந்த முறை 71 சொச்சத்தில் நின்றுவிட்டது, ஆக உங்களுக்குத் துணைக்கு ஆள் நிறைய.

'உங்கள் ஒரு ஓட்டு எல்லாவற்றையும் மாற்றும்' என்ற கதையையும் சொல்ல மாட்டேன். 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது, 2024இல் ஆற்றிங்கல் தொகுதி 684 ஓட்டில் முடிந்தது, இதெல்லாம் மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் நம் தொகுதியில் வித்தியாசம் இருபதாயிரத்துக்கு மேல். நீங்கள் வந்திருந்தாலும் அதே ஆள்தான். (நம் தொகுதி என்றால் ஆலத்தூர். நம் தாலுகாவான சித்தூர் பக்கத்தில் பாதிப் பேர் இன்னும் பாலக்காட்டுக்கு ஓட்டுப் போடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கோடியில் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரம், அந்தக் கோடியில் திருச்சூர் ஜில்லாவின் குன்னங்குளம், இதற்கெல்லாம் சேர்த்து ஒரு எம்.பி.)

என்னை உறுத்தியது 'டில்லி எங்கேயோ இருக்கிறது' என்ற வரிதான். கோட்டயத்திலோ விருதுநகரிலோ இருப்பவர் சொன்னால் போகட்டும் என்று விடலாம், வேலந்தாவளம் ரோட்டில் தோப்பு வைத்திருப்பவர் சொல்லலாமா? உங்கள் ஊரை இந்தப் பக்கம் வைத்ததே டில்லிதானே. சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு மலபார் ஜில்லாவோடு சென்னை மாகாணத்தில். இரண்டையும் சேர்த்து 1956 நவம்பர் 1 அன்று கேரளத்துக்குள் கொண்டுவந்தது பார்லிமெண்ட் போட்ட மாநிலச் சீரமைப்புச் சட்டம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு அந்தப் பக்கம் போனதும், தேவிகுளமும் பீர்மேடும் இந்தப் பக்கம் நின்றதும் அதே சட்டத்தில்தான். திருத்தணிப் பக்கம் ஆந்திரத்தோடு இருந்த வழக்கைத் தீர்க்க 1959இல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள், அதுவும் பார்லிமெண்டில். எல்லையை மாற்றுகிற அதிகாரம் அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவில் பார்லிமெண்டுக்கு மட்டும்தான் இருக்கிறது. சட்டசபையிடம் கருத்துக் கேட்பார்கள், சம்மதம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. திருவனந்தபுரமும் சென்னையும் கைகுலுக்கிக்கொண்டாலும் செக்போஸ்ட்டை ஒரு தென்னை தூரம் தள்ளி நடலாமே தவிர, எல்லையை நகர்த்த முடியாது.

சரி, அது பழைய கதை என்பீர்கள். தண்ணீருக்கு வருவோம், உங்கள் அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆழியாரில் இருந்து வருகிற தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்பட்டுச் சித்தூர்ப்புழைக்குள் வருகிறது. வருஷத்துக்கு 7.25 டிஎம்சி. இது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற கணக்கு, கையெழுத்தானது 1970 மே மாதம், அமலுக்கு வந்ததாகக் கணக்கில் வைத்தது 1958 நவம்பர். 30 வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே இருக்கிறது. 1988 வந்தது போனது, 2018 வந்தது போனது, நாம் இன்னும் அந்த 1970 தாளை வைத்துக்கொண்டுதான் மூலத்தறையில் ஷட்டர் எப்போது திறப்பான் என்று காத்திருக்கிறோம். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதி பறக்கிற தோப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொள்ளாச்சி விவசாயியைக் கேட்டால் அவருக்கும் இதே போல ஒரு புலம்பல் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு மாநிலமும் தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டால் நல்லது. முடியவில்லை என்றால் எங்கே போவது? தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருந்தாலும் மாநிலம் தாண்டி ஓடுகிற ஆறு மத்தியப் பட்டியலின் 56ஆவது இனம். தகராறு வந்தால் தீர்ப்பாயம் அமைப்பது 1956ஆம் வருஷத்து மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுநீர்த் தகராறுச் சட்டப்படி மத்திய அரசு. காவிரியில் அப்படி 1990இல் அமைத்த தீர்ப்பாயம் 2007இல் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது கேரளத்துக்கு 30 டிஎம்சி வந்தது.

அப்புறம் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021. அது பார்லிமெண்டில் வந்தபோது நம் பக்கத்தில் டீக்கடையில்கூட யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநில மண்ணில் இருந்தால் அதன் பாதுகாப்பைப் பார்க்கிற வேலை தேசிய ஆணையத்துக்குப் போகும் என்று அதில் இருக்கிறது. முல்லைப்பெரியாறு மட்டும் என்று நினைக்காதீர்கள், பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் அதே வகைதான். நம் தலைக்கு மேலே இருக்கிற தண்ணீர்! அதைப் பற்றி நம் எம்.பி. அன்றைக்கு என்ன பேசினார், பேசினாரா என்று நாம் கேட்கவில்லை. ஊர் முக்கில் உயர்கோபுர விளக்கு எப்போது வரும் என்று கேட்டோம்.

விளக்கைக் கிண்டல் பண்ணவில்லை, ராத்திரி பாம்பு மிதிக்காமல் நடக்க அது உதவுகிறது. எம்.பி.க்கு வருஷம் 5 கோடி தொகுதி நிதி இருக்கிறது, கொஞ்சம் அதிலே போகட்டும். ஆனால் அதுதான் அவர் வேலை என்று ஆக்கியது நாம்தான்.

கோயம்புத்தூர் ரோட்டில் எல்லையில் இருக்கிற வாளையாரை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி வரிசை கஞ்சிக்கோடு பக்கம் நீண்டு, டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரி செக்போஸ்ட் போனது. ஜிஎஸ்டி நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை, உங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஒன்று சொல்வார், அவருக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர் இன்னொன்று சொல்வார். பார்லிமெண்டில் தொடங்கிய ஒரு சட்டத்தால் வாளையார் மாறிப்போனதைத்தான் சொல்கிறேன். பொள்ளாச்சி ரயிலும் அப்படித்தான்: 2008 கடைசியில் பாலக்காட்டில் இருந்து மீட்டர்கேஜைப் பெயர்த்தார்கள், மறுபடி ரயில் ஓட 2015 கடைசி ஆனது. கஞ்சிக்கோடு கோச் ஃபேக்டரிக்கு 2008 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிப்பு, 2012இல் அடிக்கல். கல்லுக்கு மேலே ஒன்றும் முளைக்கவில்லை. ரயில் முழுக்க முழுக்க மத்திய அரசின் விஷயம், எந்த முதலமைச்சரைப் பிடித்து உலுக்கினாலும் தண்டவாளம் வராது.

இதற்கு நேர்மாறாகக் கள். வரப்புக்கு இந்தப் பக்கம் மரத்தில் பானை கட்டினால் தொழில், அந்தப் பக்கம் கட்டினால் போலீஸ். மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் அப்படி. அதற்குச் சட்டசபைத் தேர்தல் போதும், ஒப்புக்கொள்கிறேன்.

பாஷைக்கு வருகிறேன், அங்கேதான் உங்கள் கடிதத்தில் வலி இருக்கிறது. மலையாளத்தில் ஓட்டுக் கேட்கிறார்கள் என்பதால் அது நம் தேர்தல் இல்லை என்று ஆகுமா? மாநிலத்தில் சிறுபான்மையாக இருப்பவனுக்கு மாநில அரசு மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைமை வரக்கூடாது என்றுதான் 1956இல் ஏழாவது திருத்தத்தில் 350ஏ, 350பி என்று இரண்டு பிரிவு சேர்த்தார்கள். குழந்தைக்கு ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி தர மாநிலம் முயல வேண்டும், அதற்குக் குடியரசுத் தலைவர் மாநிலத்துக்கு உத்தரவு போடலாம், மொழிச் சிறுபான்மையினருக்கென்று ஒரு ஆணையர் இருப்பார், அவர் அறிக்கை பார்லிமெண்டின் முன் வைக்கப்படும். அந்த அறிக்கையை எடுத்துவைத்து 'சித்தூர் தாலுகாவில் தமிழ் வாத்தியார் இடம் எத்தனை காலி' என்று ஒரு கேள்வி போட எம்.பி.க்கு உரிமை இருக்கிறது. மலையாளத்தில் பேசுகிற எம்.பி.யும் போடலாம். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு முன்னணியும் டில்லியில் ஒரே பக்கம் என்பது நல்ல அடி, அதை மறுக்க முடியாது. அப்படி இருக்கும்போது கொடி பார்த்து ஓட்டுப் போடுவதில் அர்த்தம் குறைகிறது, ஆளைப் பார்ப்பதில் அர்த்தம் கூடுகிறது என்று எனக்குப் படுகிறது. கட்சிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர்கள் கொழிஞ்சாம்பாறையில் மைக் பிடிக்கிறபோது மணக்கடவு பற்றியும் வாத்தியார் இடம் பற்றியும் நாலு பேர் தமிழிலேயே கேளுங்கள், பதில் மலையாளத்தில் வந்தாலும் நமக்குப் புரியும்.

இனி லீவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் 135பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஓட்டு உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கும் அது பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. திருப்பூருக்கு ஏப்ரல் 19, நமக்கு 26 என்று தேதி வேறாக இருந்ததால் உங்கள் கம்பெனி ஒரு நாளோடு முடித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை ஒரு வாரம் முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள்.

ஒருவேளை திருப்பூரிலேயே குடும்பத்தோடு இருந்துவிடப் போகிறீர்கள் என்றால் 8ஆம் நம்பர் படிவம் கொடுத்துப் பெயரை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள், அது ஒன்றும் துரோகம் இல்லை. இரண்டு பக்கமும் பெயர் வைத்திருப்பது மட்டும் வேண்டாம், எல்லைப்பக்கம் அந்தப் புகார் ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்புகிறது, பொய் உறுதிமொழிக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு. சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஊரில் பெயர் வைக்க முடியாது, வேலைக்காகக் கொஞ்ச காலம் வெளியே போனதால் மட்டும் பெயர் போய்விடாது, இரண்டும் 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பது நீங்கள் சொல்ல வேண்டியது.