'பெற்றுத் தந்தார்' என்று எழுதியது தவறு

வணக்கம் அக்கா,

ஜெர்மன் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான எலிசபெத் செல்பெர்ட் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் ஜேர்மனியில், டோர்ட்முண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், தொழிற்சங்க உறுப்பினர். எங்கள் சங்கத்தில் இருக்கும் ஒரு வயதான ஜேர்மன் அம்மாவுக்கு உங்கள் கட்டுரையை வாய்வழியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். 'ஜெர்மன் பெண்களுக்குச் சம உரிமையைப் பெற்றுத் தந்தார்' என்ற வரி வந்ததும் அவர் என்னை நிறுத்திவிட்டார். "பெற்றுத் தந்தாரா? அப்படியென்றால் நாங்கள் எதற்கு முப்பது வருஷம் சம்பளத்துக்காக அலைந்தோம்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

அந்த அம்மா சொன்னதுதான் சரி. அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 'பெற்றுத் தந்தார்' என்பது கை பழகிப்போய் எழுதிவிடுகிற சொல், எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. செல்பெர்ட் மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் அந்தச் சொல் அவருக்கே பொருந்தாது.

கட்டுரையை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896-இல் காஸல் நகரில் பிறந்தவர், முதல் உலகப்போர்க் காலத்தில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அச்சுத் தொழிலாளியான ஆடம் செல்பெர்டைக் கல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் பள்ளி இறுதித் தேர்வையே எழுதினார். அப்புறம் சட்டம் படித்து 1930-இல் முனைவர் பட்டம். 1933-இல் கணவரை நாஜிகள் பிடித்துப்போனார்கள், கணவருடைய வேலையும் போயிற்று. 1934 டிசம்பரில், பெண்கள் வழக்கறிஞராகும் வழி அடைபடச் சில நாட்களே இருந்தபோது, செல்பெர்ட் எப்படியோ பதிவு பெற்றுவிட்டார். அவருக்குக் கிடைத்த அலுவலக அறை, தொழிலை விட்டு விரட்டப்பட்ட யூத வழக்கறிஞர்கள் இருவருடையது. இதைப் போன கட்டுரையில் சொல்லாமல் விட்டேன், சொல்லியிருக்க வேண்டும். போருக்குப் பின் சமூக ஜனநாயகக் கட்சி சார்பில் 1946 முதல் 1958 வரை ஹெஸ்ஸன் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார்.

1948-இல் மேற்கு ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் எழுதுவதற்காகப் பான் நகரில் கூடிய அவையில் 65 பேர், அதில் பெண்கள் நாலே நாலு பேர், செல்பெர்ட் அவர்களில் ஒருவர். முதல் உலகப்போருக்குப் பின் வந்த பழைய வைமார் அரசியல் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'குடிமக்கள் என்ற வகையில்' மட்டும்தான் சம உரிமை கொடுத்திருந்தது, அதாவது ஓட்டுப் போடலாம், ஆனால் வீட்டில், சொத்தில், பிள்ளைகள் விஷயத்தில் புருஷன் வைத்ததுதான் சட்டம். செல்பெர்ட் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: 'ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்.' நிபந்தனை எதுவும் கிடையாது. அப்படி எழுதினால் குடும்பச் சட்டம் முழுவதும் சரிந்துவிடும் என்று பயந்தார்கள், அந்த நாலு பெண்களில் ஒருவரும் அவருடைய கட்சிக்காரருமான ஃப்ரீடெரிக்கே நாடிக் கூட முதலில் தயங்கினார். டிசம்பர் தொடக்கத்தில் அவையின் முதன்மைக் குழுவில் வாக்கியம் தோற்றது.

அதற்கு அடுத்த ஆறேழு வாரங்கள்தான் உங்கள் தோழி கேட்ட கேள்விக்கு முதல் பதில். செல்பெர்ட் அவையை விட்டு வெளியே வந்து ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் கூட்டங்களில் பேசினார். பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். மகளிர் அமைப்புகள், மாநிலச் சட்டமன்றங்களின் பெண் உறுப்பினர்கள், உலோகத் தொழிற்சங்கப் பெண்கள், ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும். சலவைக்குத் துணி அள்ளிப்போகிற கூடைகள் இருக்கின்றனவே, கூடை கூடையாக வந்தன கடிதங்கள் என்று பிறகு சொன்னார்கள். தாளும் நிலக்கரியும் ரொட்டியும் தட்டுப்பாடாக இருந்த நாடு அது, அந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். 1949 ஜனவரி 18 அன்று அதே குழு அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் அதைத் தந்தது யார்?

ஆனால் உங்கள் தோழி கேட்டது சம்பளத்தைப் பற்றி. அந்த அவையிலேயே 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று தனியாக எழுத நாடிக் முயன்றார், நடக்கவில்லை, பொது வாக்கியத்திலேயே அது அடங்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒத்துவராத பழைய சட்டங்களை மாற்ற 1953 மார்ச் 31 வரை கெடு வைத்தார்கள், கெடுவும் தாண்டிப் போயிற்று. 1955-இல் காஸலில் இருந்த கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், பெண் என்பதற்காகக் கூலியில் கழிப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. உடனே கூலி ஒப்பந்தங்களில் 'பெண்கள் கூலி' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலகு வேலைக் கூலி' என்று போட்டுக்கொண்டார்கள். தூக்குகிற பாரத்தைத்தான் கணக்கெடுத்தார்கள். விரலின் வேகம், கண் வலி, இரைச்சல், நாள் முழுக்க ஒரே அசைவு இதெல்லாம் கணக்கில் வரவில்லை. இப்படி ஒதுக்கப்பட்ட கடைசிக் கூலிப் பிரிவுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1973 ஆகஸ்டில் நொய்ஸ் ஊரில், உங்கள் ஊரிலிருந்து வெகுதூரமில்லை, பீர்பூர்க் ஆலையில் கார்களுக்குக் கார்புரேட்டர் பூட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். துருக்கி, கிரீஸ், யூகோஸ்லாவியா, ஸ்பெயின், இத்தாலியிலிருந்து வந்தவர்கள், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. கேட்டது மணிக்கு ஒரு மார்க் கூடுதலும், இலகு வேலைக் கூலியான இரண்டாம் கூலிப் பிரிவை ஒழிப்பதும். சங்கம் முறைப்படி அறிவிக்காத வேலைநிறுத்தம் என்பதால் போலீஸ் வந்து அடித்தது. மறுபடியும் வாசலில் நின்றார்கள். நாலாவது நாள், நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் கைவினைத் தொழிலாளர்கள் வேலைக்கு வந்தபோது, இந்தப் பெண்கள் ஆளுக்கொரு சிவப்பு ரோஜாவைக் கொடுத்தார்கள். அவர்களும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் பிரிவு அந்த ஆலையில் ஒழிந்தது. எனக்கு இதை எழுதும்போதே சிலிர்க்கிறது.

அப்புறம் கெல்சன்கிர்ஹன், அது உங்களுக்கு இன்னும் பக்கம். ஹைன்ஸே என்ற புகைப்படம் கழுவும் நிறுவனத்தில் 29 பெண்கள், தங்களோடு அதே வேலை பார்க்கும் ஆண்களுக்குப் படி என்ற பெயரில் கூடுதல் பணம் போவதைக் கண்டுபிடித்து, சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார்கள். முதல் நீதிமன்றத்தில் ஜெயித்து, அடுத்ததில் தோற்று, கடைசியில் 1981 செப்டம்பர் 9 அன்று ஜெயித்தார்கள். உங்கள் தோழி இந்த வழக்குக்காக நின்றவரா என்று கேட்டுப் பாருங்கள், நின்றிருந்தால் அவர் சொல்வதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அந்தத் தீர்ப்பும் காஸலில்தான் வந்தது. அன்று செல்பெர்ட் உயிரோடு இருந்தார், அதே ஊரில், 84 வயது.

அன்புடன்,
அக்கா